யானைப்பாகன் மகன் சாபு

'சாபு இந்திய நடிகரா, அமெரிக்க நடிகரா?' நண்பர் ஒருத்தர் கேட்டார். அதுக்காகத் தேடினதுதான் இந்தக் குறிப்பு.

சாபு 1924-ல் மைசூர் சமஸ்தானத்துக் காராப்பூரில் பிறந்தவர். அப்பா யானைப்பாகன், சின்ன வயசிலேயே போய்விட்டார். படம் எடுக்க வந்த ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி குழுவின் கண்ணில் பையன் பட்டான். 1937-ல் 'எலிஃபண்ட் பாய்' வெளியானபோது வயசு 13 தான். பிறகு லண்டன். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) எடுக்கும்போது போர் வந்ததால் படப்பிடிப்பு அமெரிக்காவுக்கு மாறியது. 1942-ல் 'ஜங்கிள் புக்' மௌக்லி.

இந்தியர்களுக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காத காலம் அது. சட்டம் மாறியது 1946-ல். சாபுவுக்கு 1944-லேயே கிடைத்தது. பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பசிபிக் போரில் பறந்து பதக்கமும் வாங்கினார்.

திரும்பி வந்தவருக்கு 'பிளாக் நார்சிசஸ்' (1947) தவிரப் பெரிசா எதுவும் அமையவில்லை. காட்டுப் பையனைக் கொண்டாடின ஹாலிவுட்டுக்கு, வளர்ந்த ஆளை என்ன செய்யறதுன்னு தெரியலை என்பது என் கணிப்பு. மெஹபூப் கானின் 'மதர் இந்தியா'வில் நடிக்கப் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. எந்த இந்தியப் படத்திலும் நடிக்காமலே 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பில் இறந்தார். வயசு 39. எனக்கு இப்போ அதைவிடக் கூட.

எங்க திருத்தணி 1960-ல் ஆந்திராவிலிருந்து மதராஸ் மாநிலத்துக்கு மாறியது. இங்கே இன்னும் வீட்டுக்கு வீடு ரெண்டு பாஷை உண்டு. அதனால நண்பருக்கு என் பதில்: ரெண்டும்தான்.