ஆப்பிரிக்கப் பெருநத்தை

ஆப்பிரிக்கப் பெருநத்தை என்பது கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு நிலநத்தை இனமாகும். மெல்லுடலிகள் தொகுதியில் வயிற்றுக்காலிகள் வகுப்பைச் சேர்ந்த இதன் அறிவியற்பெயர் லிசாகாட்டினா ஃபூலிக்கா. பழைய நூல்களில் அகாட்டினா ஃபூலிக்கா எனக் குறிக்கப்படுவதும் இதுவே. மனிதரால் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் கொண்டு செல்லப்பட்டு, பயிர்களை அழிக்கும் அயல் இனமாக இது மாறியுள்ளது. இந்தியாவிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் பெரிய பழுப்பு நத்தை பெரும்பாலும் இதுவே. ஆயினும் பெரிய நத்தைகள் அனைத்தும் இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. இதனை ஒழிக்கும் முயற்சியில் உள்நாட்டு நத்தைகளும் கொல்லப்படக்கூடும் என்பதால் சரியாக அடையாளம் காண்பது இன்றியமையாதது.

அடையாளம் காணல்

வளர்ந்த நத்தையின் ஓடு பொதுவாக 5 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும், அரிதாக 20 செ.மீ. வரை வளரும். கூம்பு வடிவான ஓட்டில் 7 முதல் 9 சுற்றுகள் உண்டு. பழுப்பு நிறத்தின் மேல் அடர்பழுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். ஆனால் நிறம் உணவுக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறும். வயதான ஓடு வெளிறிப் போகும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது.

நம்பத்தக்க அடையாளம் ஓட்டின் வாய்ப்பகுதியில் உள்ளது. சுற்றுகள் எந்த அச்சைச் சுற்றி அமைந்துள்ளனவோ அந்த நடுத்தண்டு, வாயின் அடிப்பகுதியில் வெட்டியது போலத் திடீரென முடியும். தண்டின் நிறம் வெண்மை அல்லது நீலங்கலந்த வெண்மை. இதன் நெருங்கிய உறவினமான லிசாகாட்டினா இம்மாக்குலாட்டாவில் தண்டு இளஞ்சிவப்பாக இருக்கும். வாயின் வெளி உதடு மெல்லியது, வெளிப்புறம் மடிந்திராது.

உச்சியை மேலே வைத்து வாய் நம்மை நோக்குமாறு பிடித்தால், வாய் வலப்பக்கம் அமையும். விலங்கியலில் இது வலச்சுழல் எனப்படும். வலம்புரிச் சங்கு விலங்கியல் முறைப்படி இடச்சுழல் உடையது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. சங்கை உச்சி கீழாகப் பிடித்துப் பார்ப்பது நம் வழக்கம். அதனால் ஏற்பட்ட மாறுபாடு இது.

இலங்கையில் மட்டும் வாழும் அக்காவசு பேரினத்து மரநத்தைகளின் ஓடு அகன்று உருண்டிருக்கும். அதன் உதடு தடித்து வெளிப்புறம் மடிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்திரெல்லா ஆம்புல்லா, மெல்லிய உருண்டை ஓடும் சிவப்பு அல்லது மஞ்சள் நிற உடலும் கொண்டது. கிலெசுலா பேரினத்துச் சிறு நத்தைகளிலும் நடுத்தண்டு வெட்டுண்டிருக்கும். ஆனால் அவற்றின் ஓடு ஒடுங்கியது, பளபளப்பானது.

வாழ்க்கை முறை

இரவிலும் மழைக்குப் பின்னரும் இரை தேடும். இது இருபாலுயிரி, எனினும் முட்டையிடப் பொதுவாக மற்றொரு நத்தையுடன் இணைய வேண்டும். பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமிக்க வல்லது என்பதால், இணைந்த ஒரே நத்தை புதிய இடத்தில் கூட்டத்தைத் தோற்றுவிக்கக்கூடும். ஏறத்தாழ 5 மி.மீ. விட்டமுள்ள வெளிர்மஞ்சள் முட்டைகளை நூற்றுக்கணக்கில் மண்ணில் இடும். வறட்சியில் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு உறங்கும்.

பரவல்

1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரிசியசிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் கொல்கத்தாவில் விடப்பட்டன. 1900இல் இலங்கையை அடைந்தது. அமெரிக்காவின் மயாமி நகருக்கு 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட, ஏழு ஆண்டுகளில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் கண்டெடுக்கப்பட்டன. 1975இல் ஒழிக்கப்பட்ட இவ்வினம் 2011இல் புளோரிடாவில் மீண்டும் தோன்றியது. 2021இல் மறுபடியும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில் கண்டறியப்பட்டது.

தீங்கும் கட்டுப்பாடும்

வாழை, பப்பாளி, காய்கறிகள் உள்ளிட்ட பல பயிர்களை உண்கிறது. ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புக்காக வீட்டுச் சுவர்களையும் சுரண்டும். எலி நுரையீரல் புழுவின் இளம்பருவத்தைத் தாங்கவல்லது. சரியாக வேகாத நத்தை இறைச்சி அல்லது கழுவாத கீரை வழியாக மனிதரை அடையும் இப்புழு மூளையுறை அழற்சியை உண்டாக்கும்.

இதனை அழிக்கவென்று புளோரிடாவின் யூக்லாண்டினா ரோசியா என்னும் ஊனுண்ணி நத்தை பல தீவுகளில் விடப்பட்டது. பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரேயா தீவுக்கு 1977இல் கொண்டுவரப்பட்ட அது, அங்கு மட்டுமே வாழ்ந்த பார்ட்டுலா நத்தைகளை உண்டது. பத்தாண்டுகளுக்குள் அத்தீவின் காடுகளில் அவை இல்லாமற் போயின. சில இனங்கள் விலங்கியற் பூங்காக்களில் மட்டும் எஞ்சின. பெருநத்தையோ ஒழியவில்லை.

மாலையில் ஈரச் சாக்கைப் பரப்பி, அடியில் ஒதுங்கும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி உப்புநீரில் இடுவது எளிய முறை. கையுறை அணிய வேண்டும். உப்பை நேரடியாக நிலத்தில் தூவினால் மண் கெடும். அருகிலுள்ள மண்ணைக் கிளறி முட்டைகளையும் அகற்றுதல் வேண்டும்.