பாட்டு யாருக்குச் சொந்தம்?

இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள நமது பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில், திருவிழா என்றால் ஒலிபெருக்கிப் பாட்டு முதலில் கேட்கும். பாடியவரை நாம் அறிவோம். பதிவு செய்தவரை நினைப்பதில்லை. அப்படி ஒருவரே ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

1907-ல் காரைக்குடியில் பிறந்த அவர், தந்தையார் கடையில் இசைத்தட்டு விற்றார். விற்பதைவிடத் தாமே பதிப்பது மேல் என்று கருதி, 1930-களின் தொடக்கத்தில் நண்பர்களுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மானிய ஓடியன் நிறுவனத்தோடு சேர்ந்து தட்டுகளை வெளியிட்டார். அரக்குக் கலந்து செய்த அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே பாடும்.

பிறகு படத்தொழிலில் இறங்கினார். 1935-ல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி கண்டது, அவர் தளரவில்லை. அந்நாளில் நடிகர்களே காமிராவின் முன் பாடவேண்டும். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில், நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடிய பாட்டைத் தனியே பதிவு செய்து சேர்த்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு இவ்வாறு பிறந்தது. 1945-ல் ஏ.வி.எம். நிறுவனத்தை நிறுவினார். முதலில் காரைக்குடியில் இயங்கிய ஸ்டூடியோ, 1948-ல் சென்னை வடபழனிக்கு மாறியது.

இனி நாம் கருதவேண்டிய செய்திக்கு வருவோம். பாரதியார் 1921-ல் வறுமையில் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பர் வேறொரு வணிகரிடம் விலைக்கு வாங்கினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அப்பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. ஆனால், டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, அவர் வழக்குத் தொடுத்தார். மக்கள் கவியின் பாட்டு ஒருவரின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதா என்று தமிழகம் கேட்டது. 1949-ல் சென்னை அரசு உரிமையை ஏற்க முன்வந்தது. மெய்யப்பர் ஒரு காசும் பெறாமல் அதை ஒப்படைத்தார்.

பணம் போட்டவருக்குப் பயன் வேண்டும் என்பது நியாயமே. ஊருக்குப் பொதுவான செல்வமும் உண்டு என்பது அதனினும் பெரிய நியாயம். மெய்யப்பர் 1979-ல் மறைந்தார். நம் பிள்ளைகள் பள்ளி மேடையில் யாரையும் கேளாமல் பாரதி பாட்டைப் பாடுகிறார்கள். அந்த உரிமை எளிதில் வந்ததன்று என்பதைப் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லுங்கள்.