கட்டையும் விசையும்

கீபோர்டு என்ற சொல் இன்றைய தமிழ்ப் பேச்சில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. சங்கீதக்காரர் கீபோர்டு வாசிக்கிறார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் கீபோர்டில் அடிக்கிறார். பெயர் ஒன்று, வினை வேறு. இது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கருவி எங்கிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்லிவிடும். அதோடு நமக்கு என்ன உறவு ஏற்பட்டது என்பதை வினையிடம்தான் கேட்க வேண்டும்.

பெயரின் கதை ஐரோப்பாவினுடையது. லத்தீனில் கிளாவிஸ் என்றால் சாவி. மத்திய காலத்துச் சங்கீத ஆசிரியர்கள் ஸ்வரங்களைக் குறிக்கும் எழுத்துக்களை அப்படி அழைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் ஆர்கன் வாத்தியத்தில் விரல் அழுத்தும் பாகத்துக்குப் போயிற்று. எழுதும் யந்திரத்தைக் கனவு கண்டவர்களும் முன்மாதிரிக்கு இதையே நாடினார்கள். 1867-ல் ஒரு அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகை, உருவாகிவந்த அந்த யந்திரத்தை இலக்கியப் பியானோ என்று வர்ணித்தது. 1868-ல் ஷோல்ஸும் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற யந்திரத்தில் பியானோவினுடையவை போன்ற கட்டைகளே இருந்தன. அவை வட்டப் பொத்தான்களாகி, டெலிபிரிண்டர் வழியே கம்ப்யூட்டருக்கு வந்தது பின்கதை. எழுதுகிறவனின் பலகை, வாசிக்கிறவனின் பலகைக்குப் பிறந்த பிள்ளை.

தமிழில் இந்த உறவு தெரியாமல் போய்விட்டது. சாவி என்ற சொல்லை நாம் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றோம். அதன் மூலமும் கிளாவிஸ்தான். ஆக, ஆர்மோனியம் இங்கே வந்தபோது அதன் பாகத்துக்குப் பொருத்தமான பெயர் நம் இடுப்பு முடிச்சிலேயே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. 1842-ல் பாரிஸில் தெபென் காப்புரிமை பெற்ற வாத்தியம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையில் தரையில் வைத்து வாசிக்கும் பெட்டியாக மாறி, நம் நாடக மேடைக்கும் பஜனை மடத்துக்கும் வந்தது. வாசித்தவர்கள் கண்டது சாவியை அல்ல, மரத்துண்டை. கட்டை என்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணினார்கள். இடையிலுள்ள கறுப்புக்கு அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கறுப்பு கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்றும் கிடையாது. இந்த எண் மெல்ல மெல்லப் பெட்டியை விட்டு மனிதக் குரலுக்குக் குடியேறியது. ஒருவர் ஐந்து கட்டையில் பாடுகிறார், இன்னொருவருக்கு ஒன்றரைக் கட்டை. புல்லாங்குழல் வாங்கப் போனாலும் எத்தனை கட்டை என்று கேட்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கமகத்துக்கு வழியில்லாத வாத்தியம் என்று ஆர்மோனியத்தைப் பண்டிதர்கள் பழித்தார்கள். தாகூருக்கும் அது பிடிக்கவில்லை. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அதை விலக்கிவைத்தது. 1971-ல்தான் தடை தளர ஆரம்பித்தது. அந்த முப்பத்தொரு ஆண்டும் வானொலியில் பாடிய வித்வான்கள் தங்கள் சுருதியைச் சொன்னது கட்டைக் கணக்கில்தான். வாசலில் நிறுத்தப்பட்டவனின் முழக்கோல் வீட்டுக்குள் அளந்துகொண்டிருந்தது.

எழுதும் பலகைக்கு இந்த பாக்கியம் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்து யந்திரம் அமைத்தார். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளியை, யந்திரத்தில் காகிதம் நகராத ஒரு விசையால் முதலில் அடித்துவிட்டு அதன் கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். ஓர் இனத்தின் கைப்பழக்கத்தையே திருப்பிப் போட்ட காரியம் இது. இதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் இருக்கும் வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை ஒட்டி, வடலூர் போகும் வழியில் இருக்கிறது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தபின் இந்தப் பக்கத்தில் ஆபீஸ் வேலை என்பது பிள்ளைகளுக்கு ஒரு லட்சியம். லோயர், ஹையர் பரீட்சைக்காக அவர்கள் போன இடம் தட்டெழுத்துப் பள்ளி. அங்கே யளனகப என்று விரல் பழகியதைத் தமிழ்த் தட்டெழுத்தின் சரளி வரிசை என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம்: ஸரிகம பழகுகிறவன் காதால் திருத்திக்கொள்கிறான். யளனகப பழகுகிறவனுக்குக் காது தேவையில்லை. வேகம் போதும்.

விசை என்ற சொல்லும் வேகத்தைத்தான் சொல்கிறது. பக்கத்திலுள்ள குறிஞ்சிப்பாடி நெசவு ஊர். அங்கே கைத்தறிக்கு எதிர்ச்சொல் விசைத்தறி; அதாவது மனிதக் கை செய்யாதது. விரல் நுனிகளாலேயே இயங்கும் ஒரு பலகைக்குக் கையை மறுக்கும் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பலகை மோசமானதல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துக்கள் இடக்கைக்கு, மெய்யெழுத்துக்கள் வலக்கைக்கு. இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். ஆர்மோனியக்காரரைப் பாருங்கள்: இடக்கை துருத்தியில் மூச்சு கொடுக்கிறது, வலக்கை கட்டையில் உருக்கொடுக்கிறது. இலக்கணம் தானாக வாத்தியத்தின் பக்கம் வந்து நிற்கிறது. நாம்தான் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரிந்த இரண்டு பலகைகளும் பிறகு ஒன்றுசேர்ந்தன, ஆனால் வேறு விதமாக. 1983-ல் மிடி என்ற ஏற்பாடு வந்தபின், சங்கீதக் கீபோர்டை அழுத்தினால் போவது ஒலி அல்ல, ஓர் எண். நடு ஸி ஸ்வரம் 60. எழுத்தும் அப்படியே: யூனிகோடில் க என்பது 2965. கட்டைகளுக்கு இடையில் உள்ளதை வாசிக்க வேண்டுமானால் பலகையின் ஓரத்தில் தனியாக ஒரு சிறு சக்கரம். கமகம் அங்கே ஒதுங்கிக்கொண்டது. ஐந்தரை என்பதும் எண்தான். ஆனால் அது ஒரு தொண்டையைக் கேட்டுப் பெற்ற எண். 60-க்கும் 2965-க்கும் யாருடைய தொண்டையும் தெரியாது.

இதில் நம் கவலைக்குரியது கலைச்சொல் அல்ல, காது. தமிழில் வாத்தியத்தையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். ஒலியும் எழுத்தும் சந்தித்த இடம் அந்த வினை. எழுதுவது மட்டும் அடிப்பதாகிவிட்டது. யாப்பு இருந்தபோது தவறிய சீரை அதுவே காட்டிக்கொடுத்தது. யாப்பை விட்ட புதுக்கவிதைக்கு மிஞ்சிய ஒரே காவல் காது. இன்று பெரும்பாலான கவிதைகள் பலகையில் அடிக்கப்பட்டு, உரக்க ஒருமுறைகூடச் சொல்லப்படாமல் அச்சுக்குப் போய்விடுகின்றன. நாடகக் கொட்டகையின் ஆர்மோனியக்காரர் ஓர் அந்நிய மரத்துண்டைத் தன் ஊர்க் குரலின் அளவாக்கிவிட்டார். அவரிடம் கமிட்டி இல்லை, அரசாணை இல்லை. பக்கத்தில் நின்று பாடிய ஒரு குரல் இருந்தது. அதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.