எம்மா பாட்டியின் மூட்டை

பல நாள் மலைநடைக்குப் புறப்படுகிறவரை முதலில் மிரட்டுவது மலையல்ல, மூட்டைதான். எதை எடுப்பது, எதை விடுவது? இதற்கு எம்மா கேட்வுட் பாட்டி கண்ட விடை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 2,000 மைலுக்கு மேல் நீள்வது. 1921-இல் பென்டன் மெக்கை வெளியிட்ட யோசனையில் பிறந்தது. 1948-இல் ஏர்ல் ஷாஃபர், யுத்தத்திலிருந்து திரும்பியவர், ஒரே பருவத்தில் அதை நடந்து முடித்தார்.

எம்மா ஓஹியோ மாகாணத்துக் குடியானவப் பெண். பதினொரு குழந்தைகளின் தாய். கணவனிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடியும் உதையும் பட்டு, விவாகரத்துப் பெற்றவர். 1954-இல் மெய்னிலிருந்து கிளம்பினார். வழி தவறிற்று, மூக்குக் கண்ணாடி உடைந்தது, ஊர் திரும்பினார்.

மறு ஆண்டு மே மாதம், 67 வயதில், தென்முனையிலிருந்து தொடங்கினார். தாமே தைத்த துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் கான்வாஸ் ஜோடு. கூடாரம் கிடையாது. பிள்ளைகளிடம் நடக்கப் போவதாக மட்டும் சொன்னார். செப்டம்பர் 25-ஆம் தேதி கட்டாடின் சிகரத்தில் நின்றார்.

இதைப் படித்துவிட்டுத் திரைச்சீலையோடு கிளம்பிவிடாதீர்கள்! கூடாரமும் கம்பளியும் அவரவர் உடலுக்கேற்ப இருக்கட்டும். பாட்டியோ, மிகப் பெரிய மூட்டையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் இறக்கி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் துணிப்பை எம்மாத்திரம்?