கேள்வி நேரத்தில் சுயேச்சை உறுப்பினர்கள்

இந்திய மக்களவையில் கேள்வி நேரம் வழக்கமாகக் காலை 11 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடைபெறும். விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படுகிறது. கேள்விகளின் வரிசையோ குலுக்கலில் முடிவாகிறது. ஆகவே, 2024 தேர்தலில் வென்ற 7 சுயேச்சைகளுக்கும் பெரிய கட்சியின் உறுப்பினருக்கும் குலுக்கலில் சம வாய்ப்பே. வாய்மொழி விடைக்கு நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் பட்டியலிடப்படும். அதில் ஒருவர் பெயரில் ஒரு வினாவுக்கு மேல் இடம்பெறாது. வினா தொடுத்தவர் 2 துணைக் கேள்விகள் கேட்கலாம்; பிற உறுப்பினர்களை அழைப்பது அவைத்தலைவரின் உரிமை. நேரம் முடியும்வரை முறை வராத வினாவுக்கு எழுத்து வடிவ விடை மட்டுமே கிடைக்கும்.

ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவையில் வேறு வழி: 2022-இல் திருத்திய விதிப்படி 5, 13, 21-ஆம் கேள்விகளில் சுயேச்சைகளுக்கும் சிறு கட்சியினருக்கும் முன்னுரிமை தரப்பட்டது.