சூறாவளிக்கான வளிமண்டல–கடல் இணைமாதிரி
புயற்காற்றையும் அதன் கீழுள்ள கடலையும் சேர்த்தே கணிக்கும் கணினி மாதிரி. பலத்த காற்று ஆழத்துக் குளிர்நீரைக் கிளறி மேலே கொண்டுவரும். புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறையும். கடல் வெப்பநிலையை மாறாததாக வைத்துக்கொள்ளும் மாதிரிகள் புயலின் வலிமையை மிகைப்படுத்துவது இதனாலேயே. பாதையைக் கணிப்பதில் இணைப்பின் பயன் குறைவு.

வங்காள விரிகுடா சற்று வம்பான கடல். கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டும் நன்னீர் உவர்நீரின்மேல் படலமாகப் பரவி இந்தக் கிளறலைத் தடுக்கிறது. உவர்ப்பைச் சரியாகக் கணக்கில் கொள்ளாத மாதிரி இங்கே கடலை அளவுக்கு மிஞ்சிக் குளிர்விக்கும்.

இந்த விரிகுடாவின் சூறாவளிகள் பற்றிய புதுடில்லிப் பிராந்திய வானிலை மையத்தின் அறிக்கைகள் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வருகின்றன. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி என்ற சூறாவளி இந்த விரிகுடாவில் உருவானதே; அது பின்னர் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று வலுவிழந்தது.