மௌனம் கலைத்த குவேக்கர்கள்

குவேக்கர் இயக்கத்தை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்கியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். குருமார் வேண்டாம், சடங்கு வேண்டாம். கிறிஸ்துவின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு, கூடி மௌனமாகக் காத்திருந்தால் அது பேசும் என்றார். இந்த மௌனத்திலிருந்து ஒரு கிளை பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் வந்து சேர்ந்தது விநோதம்தான்.

வழி திறந்தவர் ஜோசப் ஜான் கர்னி என்ற ஆங்கிலேய வங்கிக்காரர். 1837 முதல் 1840 வரை அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று, உள்ளொளிக்கு மேல் வேதாகமமே அதிகாரம், சிலுவைப் பலியே மீட்பு என்று போதித்தார். ஜான் வில்பர் என்ற குவேக்கர் எதிர்த்தார், சபைகள் உடைந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் எழுப்புதல் கூட்டங்கள் பெருகவே, கர்னி வழியினர் சம்பளப் போதகர்களையும் பாடல்களையும் ஏற்றுக்கொண்டனர். 1887இல் ரிச்மண்டில் கூடி விசுவாச அறிக்கையும் வெளியிட்டனர். சடங்குகள் விஷயத்தில் மட்டும் பெரும்பாலோர் பழைய வழியையே பிடித்திருந்தனர். சித்தூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் குழந்தைக்குத் தண்ணீரால் ஞானஸ்நானம் கொடுப்பதும், அப்பமும் ரசமும் வழங்குவதும் இவர்களுக்கு வெறும் வெளி அடையாளம். ஒஹாயோ சபை மட்டும் தண்ணீர் ஞானஸ்நானம் பெற்ற போதகரையும் பொறுத்துக்கொண்டது.

இந்தக் கிளையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது அந்த ஒஹாயோ சபையே. பெண்களும் பிரசங்கிக்கலாம் என்பது ஃபாக்ஸ் காலத்து வழக்கம். மிஷனைத் தொடங்கியவர்களும் டிலியா ஃபிஸ்லர், எஸ்தர் பேர்ட் என்ற இரு பெண்களே. 1896இல் பஞ்சம் வாட்டிய புந்தேல்கண்டில், நௌகாங் என்னும் ஊரில் அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தனர். அங்கே முதல் சபை பெரிதும் இப்பிள்ளைகளால்தான் உருவானது. பட்டினியில் பிறந்த சபை என்று சிலர் இளக்காரமாகப் பேசலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை. 1930இல் அதே பகுதியின் சத்தர்பூரில் மிஷனின் மருத்துவமனை எழுந்தது.

தெற்கே நிலைமை வேறு. ஒரு மிஷனின் எல்லைக்குள் இன்னொன்று நுழையாதிருப்பது அக்கால ஒப்பந்தம். சித்தூர், 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் களம். திருப்பதிப் பக்கம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன்கள் வேலை செய்தனர். குவேக்கர் ஊழியம் நர்மதைக் கரையிலும் புந்தேல்கண்டிலுமே வேர்விட்டது. ஆற்காடு மிஷன் வளர்த்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்தன. புந்தேல்கண்ட் சபை மசீஹி மித்ர சமாஜ் என்ற பெயரில் தனித்தே நின்றது. சத்தர்பூர் மருத்துவமனை பின்னர் இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கத்தின் நிர்வாகத்துக்கு வந்தது.